பானையின் கழுத்தில் புரொக்டரின் பெயர்

போன கிழமை முழுக்க எனக்கு ஒரே தலையிடி. காரணம் வெள்ளம் இல்லை. வெள்ளம் வடிந்து போய்விட்டது. வெள்ளத்தில் அடிபட்டவர்களுக்கு உதவி செய்கிறோம் என்று புறப்பட்டார்களே எங்கள் வெள்ளவத்தை ஆட்கள்... அவர்கள்தான் காரணம்.

செட்டியார் தெருவில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிற கடை ஒன்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே எங்கள் நிவாரணக் கமிட்டியின் தலைவர், புதுக்கடைக் கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டோடு நேரே வந்தவர், ஒரு புத்தம் புது அலுமினியப் பானையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் ஒரு புரொக்டர், அதாவது வக்கீல். பெயரை எழுதமாட்டேன். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

“அடியில வெட்டாதேயும். கரி பிடிச்சால் ஒண்டும் தெரியாது. கழுத்தில வெட்டும்” என்றார் புரொக்டர்.

“கழுத்தில இடம் காணாது ஐயா” என்றார் கடைக்காரர். “உங்கட பேர், உத்தியோகம், ஊர் எல்லாம் போட்டால் சுத்தி வந்து முட்டும்.”

“அப்ப எழுத்தைச் சின்னனாக்கும்.”

“சின்னனாக்கினால் வாசிக்க ஏலாது.”

“வாசிக்க ஏலாதெண்டால் பிறகு ஏன் காணும் வெட்டுறது?”

நான் ஒரு மூலையில் ஸ்டூலில் குந்தியிருந்தேன். மனத்துக்குள் ஒரே ஒரு கேள்வி. அட கடவுளே, இந்தப் பானையில் இன்றைக்கு யாராவது தண்ணீர் கொதிக்க வைப்பார்களா, மாட்டார்களா?

தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ பெரிய மனிதர்களைத் திட்டுவதற்கென்றே பேனை பிடிக்கிறவள் என்று சொல்வீர்கள். ஏற்கெனவே சிலர் சொல்கிறார்கள்.

எங்களுக்கு வெள்ளவத்தையில் மழை என்றால் என்ன? கொடியில் காயப்போட்ட சேலை நனையும். காலி வீதியில் பஸ் பிந்தும். அவ்வளவுதான். மிச்சத் தண்ணீர் தன்பாட்டில் கடலுக்குப் போய்விடும். கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி கங்கைக் கரையில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு அப்படியில்லை. இந்தத் தரம் ஆறு உள்ளே வந்து, பாய், பெட்டி, சட்டி, பானை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் ஹோல்களிலும் வந்து ஒதுங்கினார்கள்.

அப்படியொரு பள்ளிக்கூடத்தில்தான் என் சிநேகிதி பிலோமினா படிப்பிக்கிறாள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். நானும் அவளும் ஒன்றாக டீச்சர் டிரெயினிங் செய்தவர்கள். தண்ணீர் வடிந்து சனங்கள் குடிசைக்குத் திரும்பத் தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

“மங்களம், உங்கட ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லும். உடுப்பு காணும், இனி வேணாம். கோட்டும் டையும் மலையாக் குவிஞ்சு கிடக்கு. ஆருக்குக் கட்டிவிட? ஹார்பர்ல மூட்டை தூக்கிற மனுசனுக்கா?”

அந்த உடுப்பு மூட்டைகளைக் கட்டும்போது நானும் கூட இருந்தவள்தான். டென்னிஸ் விளையாடுகிற வெள்ளைக் காற்சட்டை வந்தது. சீமைக்குப் போய் வந்த ஒருவரின் கம்பளிக் கோட்டு, பூச்சி அரித்தபடி வந்தது. ஒரு சீமாட்டி கூறைச்சேலை வைக்கிற பெட்டியைக் கொடுத்திருந்தார். பெட்டியை மட்டும்.

“பின்ன என்ன வேணும், சொல்லும்” என்றேன்.

“பானை. வேறொண்டும் வேணாம். கமிட்டி அரிசி குடுத்திட்டுது, பருப்பு குடுத்திட்டுது. எதில போட்டு அவிக்கிறது? டொக்டர் வந்து தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ, இல்லாட்டி வயித்தோட்டம் பரவும் எண்டு சொல்லிட்டுப் போறார். எதில கொதிக்க வைக்கிறது? கையிலயா?”

அடுத்த நாள் வீட்டில் மேலதிகமாகக் கிடந்த ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு, புறக்கோட்டையில் ட்ராம் ஏறி, அவளோடு ஆற்றங்கரைக் குடிசை வரிசைக்குப் போனேன். அங்கேதான் பாக்கியத்தைக் கண்டேன். சின்ன வயதுப் பெண். புருஷன் வேலு ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். மடியில் ஒரு பெண் குழந்தை, இன்னும் உட்காரப் பழகாதது. அதற்கு ஏற்கெனவே ஒருமுறை வயிற்றோட்டம் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். இன்னொரு தரம் வந்தால் தாங்காது, பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் கொடுக்காதே என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நான் கொண்டுபோன பானையைக் கண்டதும் அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு பானைக்கு ஒரு வரிசை வீடு. முதலில் ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டில் கஞ்சி, அதற்கு அடுத்த வீட்டில் தண்ணீர். பாக்கியத்தின் முறை வருவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிட்டது.

“எனக்குன்னு ஒரு பானை இருந்தாப் போதும்ங்கம்மா” என்றாள் பாக்கியம். “வேற எதுவும் கேக்கலைங்க. புள்ளைக்குத் தண்ணி காய்ச்சிக்கிறேன்.”

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே புரொக்டர் வீட்டுக்குப் போய்க் கமிட்டியைக் கூட்டவைத்தேன். எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இரக்கமில்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். கை நிறையக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது.

புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பானைகள் வாங்கினோம். யுத்தம் முடிந்தும் அலுமினியம் இன்னும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அந்த மனிதர் எங்கெங்கோ ஆள் அனுப்பி எடுத்துத் தந்தார். மூடிகளுக்குக் காசே எடுக்கவில்லை. கைவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். அங்கிருந்து கொட்டாஞ்சேனை என்ன தூரம்? நடந்தே போகலாம். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கவும் ஆயத்தமானேன்.

“டீச்சர், எங்க போறியள்?” என்று கேட்டார் புரொக்டரின் மனைவி.

“கொட்டாஞ்சேனைக்கு.”

“பேர் வெட்டாமலோ?”

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“என்ன டீச்சர் கதைக்கிறியள்? பேர் வெட்டாமல் குடுத்தால் ஆர் குடுத்ததெண்டு ஆருக்குத் தெரியும்?”

வண்டி செட்டியார் தெருப் பக்கம் திரும்பியது.

இது எங்கள் சாதிக்கே உரிய வியாதி, வாசகர்களே. கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மணியில் பெயர். உட்காருகிற வாங்கில் பெயர். கிணற்று வாளியில் பெயர். கேஸ் விளக்கின் கண்ணாடியில் இன்னாரின் உபயம் என்று சிவப்பு மையில் எழுதி, அந்த எழுத்தே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்கும். சாமிக்குக் கண் தெரியும் என்ற நம்பிக்கை நமக்குக் கிடையாது போலும்.

வெட்டுகிற கடையில் இரண்டு தொல்லை. ஒன்று, கல்யாண மாதம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பாத்திரங்கள் மலையாகக் கிடந்தன. எங்கள் பானைகள் அவற்றுக்குப் பின்னால் காத்திருந்தன. இரண்டாவது, கடைக்காரர் எழுத்துக்கு எழுத்து கூலி வாங்குகிறவர். இங்கிலீசில் வெட்டினால்தான் கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும் என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. ஒவ்வொரு பானையிலும் அதற்குக் காசு கொடுத்தவரின் பெயர், அப்பாவின் முதலெழுத்து, ஒருவர் புரொக்டர், ஒருவர் ஜே.பி., ஒருவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பிறகு வெள்ளவத்தை... எழுத்துகள் நீண்டுகொண்டே போயின. எதையாவது குறைக்க வேண்டும். எதைக் குறைத்தார்கள் தெரியுமா?

‘உபயம்’ என்ற சொல்லை.

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே” என்றார் புரொக்டர். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

முடிந்ததா? இல்லை. வெட்டி வந்ததும் உடனே கொடுக்கலாமா? அதெப்படி. ஞாயிற்றுக்கிழமை விழா. மாலை. போட்டோ. வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் வரவில்லை, தன் குமாஸ்தாவை அனுப்பினார். குமாஸ்தாவுக்கு மாலை போட்டார்கள். நானாவின் மூடிகளில் யார் பெயரை வெட்டுவது என்று முடிவாகாததால், மூடிகள் புரொக்டர் வீட்டிலேயே தங்கிவிட்டன.

போட்டோக்காரர் கூட்டத்தைப் பார்த்து, கைக்குழந்தையோடு நின்ற பாக்கியத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார். தலைவர் கையால் தலைவரின் பெயர் வெட்டிய பானை அவளுக்குப் போனது. அவள் பானையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். போட்டோவில் பெயர் மறைகிறது, சற்றுத் தள்ளிப் பிடி என்று புரொக்டரின் மனைவி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

எப்படியோ கொடுத்தாகிவிட்டது, இனி நிம்மதி என்று வீடு திரும்பினேன். அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பானை கிடைத்துவிட்டதால், என் பழைய பானையைப் பிலோமினா வேறு இடத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் வேலு அந்தப் பானையை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனான். வெள்ளத்தில் சனங்கள் விட்டுப்போன வீடுகளில் களவு நடப்பதாக ஒரே பேச்சு. பொலிசார் சந்திக்குச் சந்தி நின்றார்கள். ஒரு கொன்ஸ்டபிள் வேலுவை மறித்தார். இடுப்பில் கிழிந்த சாரம். புத்தம் புதுப் பானை. கழுத்தில் இங்கிலீஷ் எழுத்து.

யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றான் வேலு. பெயர் என்ன என்று கேட்டார். வேலு என்றான். பானையைத் திருப்பி வாசித்தார் கொன்ஸ்டபிள். வெள்ளவத்தையிலிருக்கும் ஒரு புரொக்டரின் பெயர். வேறு என்ன சாட்சி வேண்டும்?

வேலுவும் பானையும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானே பொலிஸாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

செய்தி வரிசையில் பரவியது. ஒவ்வொரு பானையிலும் யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர். ஒருத்தி பானையைக் குடிசைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். ஒருத்தி செங்கல்லால் தேய்த்துப் பார்த்தாள், எழுத்துப் போகவில்லை, பானைதான் ஓட்டையானது. மிச்சப் பேர் கந்தல் துணிக்குள் சுற்றி ஒளித்துவைத்தார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் ஓர் அடுப்பிலும் பானை ஏறவில்லை. கையில் அரிசி இருந்தது, பானையும் இருந்தது, சனம் பட்டினி கிடந்தது. இந்தக் கேவலத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

பாக்கியம் இரவல் கேட்டு வீடு வீடாக அலைந்தாள். யாரும் பானையை வெளியே எடுக்கத் துணியவில்லை. பின்னேரம் குழந்தை தாகத்தில் துடித்தபோது, அவள் குழாய்த் தண்ணீரையே கொடுத்துவிட்டாள்.

எனக்குத் தகவல் வந்தது அடுத்த நாள் காலையில், நான் வகுப்பில் இருந்தபோது. பிலோமினா ஆள் அனுப்பியிருந்தாள். பிள்ளைக்கு மறுபடியும் வயிற்றோட்டம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், வேலுவைப் பொலிஸ் பிடித்துவைத்திருக்கிறது, நீர் அந்தப் புரொக்டரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போம் என்று. நான் புதுக்கடைக்கு ஓடினேன். கோர்ட் வாசலில் கட்சிக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்த புரொக்டரைக் கோட்டுக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் பானை இருந்தது. வேலு ஒரு மூலையில் நிலத்தில் குந்தியிருந்தான்.

“சேர், இது உங்களுடைய பெயர்தானே?” என்று இங்கிலீசில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“ஓம்.”

“அப்படியென்றால் பானை உங்களுடையது.”

“இல்லை. நான் இந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டேன்.”

“கொடுத்ததாக இதில் எங்கே இருக்கிறது?”

புரொக்டர் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அந்தச் சொல் இல்லையென்று. அவர்தானே குறைத்தவர்.

“எல்லோருக்கும் தெரிந்த விஷயம்...” என்று தொடங்கினார்.

“எனக்குத் தெரியாதே” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்கள் வீட்டுப் பானையில் உங்கள் பெயர் இருக்கும். அவன் வீட்டுப் பானையில் ஏன் உங்கள் பெயர்?”

எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பேரை மடக்கிய புரொக்டர், கோட்டுப் பையில் பேனையைத் தேடத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அந்த நேரம் குழந்தை எப்படி இருக்கிறதோ என்ற நினைப்பிலேயே நின்றேன். கையெழுத்துப் போட்டு, வேலுவையும் பானையையும் மீட்டு, ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாக்கியம் விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பிலோமினா அவள் பக்கத்தில். குழந்தைக்கு மருந்து ஏற்றுகிறார்கள், இனிப் பயமில்லை என்று சொன்னார்களாம். புரொக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பானையை அவளிடம் நீட்டினார்.

“இந்தா பிள்ளை, உம்மட பானை. இனி ஒருதரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.”

பாக்கியம் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்கய்யா. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வேற பொலிசு வரும். எம் புருசனை ஒவ்வொரு தடவையும் யாரு வந்து மீட்டுத் தருவா? அது உங்க பானைங்க. நீங்களே வச்சுக்கங்க.”

மரியாதையாகத்தான் சொன்னாள். புரொக்டர் பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். ட்ராமில் எதிர் ஆசனத்துக்காரர்கள் எல்லோரும் பானையை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தார்களாம். பிறகு அவரே சொன்னார்.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று பின்னேரம் கமிட்டி கூடியது. புரொக்டர் எழும்பி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பானைக்கும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்திட்டுக் கொடுப்பதாம். சோறு அவிக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. சபை நாகரிகம் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று எழும்பினேன்.

“அந்தப் பிள்ளை செத்திருந்தால் கல்லறையிலயும் உங்கட பேரைத்தான் வெட்டுவியளோ?” என்று கேட்டேன்.

நான் சொன்னது கூடிப்போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. கடைசியில் பேசியவர் புரொக்டரின் மனைவிதான்.

“பேர் வெட்டின பானையளை நாங்களே எடுப்பம்” என்றார். “எங்கட வீட்டில அவிக்கிறதுக்கு ஆகும். அதுகளுக்குப் புதுசா வாங்கிக் குடுப்பம். ஒண்டும் வெட்ட வேண்டாம்.” கொஞ்சம் நிறுத்தி, “மூடியளையும் குடுப்பம்” என்றார்.

அப்படியே செய்தோம். புறக்கோட்டையில் வாங்கி, வண்டியை வேறு எந்தத் தெருவுக்கும் திருப்ப விடாமல், நானே முன்னால் நடந்தேன். விழா இல்லை, போட்டோ இல்லை. புரொக்டரும் கூடவே வந்து பானைகளை இறக்கினார். கமிட்டி அறிக்கையில் மட்டும் தன் பெயர் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். போனால் போகிறது, கடதாசியில்தானே.

நேற்று மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். பாக்கியத்தின் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது. மெலிந்திருந்தாலும் கண்ணில் வெளிச்சம் இருந்தது. வெளியே மூன்று கல் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அதே கொன்ஸ்டபிள் வந்தார். பானையைப் பார்த்தார்.

“மேக்க காகெத?” என்று சிங்களத்தில் கேட்டார். இது யாருடையது?

பாக்கியம் குழந்தையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மகே” என்றாள். என்னுடையது.

கொன்ஸ்டபிள் குனிந்து பானையின் கழுத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாசகர்களே, ஆற்றங்கரையில் பானை இல்லாத வரிசைகள் இன்னும் இருக்கின்றன. பெயர் வெட்டாமல் அனுப்புங்கள். பாக்கியம் சொன்னாளே ஒரு சொல், அதை மற்றப் பெண்களும் சொல்ல வேண்டும்.